வீட்டுக் கிரயமும் ரேடான் வாயுவும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இந்த மேடையில் வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள் நாம் அறிந்தவையே. மாணவர் உதவி நிதி, விவாகச் செலவுச் சுருக்கம், முதியோர் பராமரிப்பு என்பவற்றைக் குறித்து நம் பெரியோர் பலமுறை எடுத்துரைத்திருக்கின்றனர். யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ, கண்ணுக்குப் புலப்படாததும் மூக்குக்கு மணம் காட்டாததுமான ஒரு வாயு. இதற்கும் நம் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அதனைக் கூறும்போது எமது பிழை ஒன்றையும் மறையாமல் கூற வேண்டியிருக்கும். பொறுமையுடன் செவிசாய்க்குமாறு வேண்டுகிறோம்.

நம்மவர் குடும்பங்களில் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உத்தியோகம் பார்ப்பது இக்காலத்தில் சாதாரணமாகிவிட்டது. சென்ற சில வருஷங்கள் வாடகை வீட்டில் காலம் கழித்து, பின்னர்ச் சொந்த வீடு வாங்குகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பெற்றோர் செல்கிறார்கள். பேரன் பேத்தி பிறந்தால் ஆறு மாதம் தங்கி வருகிறார்கள். வீட்டுக்கு நிலமட்டத்துக்குக் கீழே ஒரு தளம் உண்டு. அதனைப் பேஸ்மெண்ட் என்பர். அந்த நிலவறையைச் செப்பனிட்டு, கம்பளம் விரித்து, பெற்றோர் தங்கும் அறையாகவும், குழந்தைகள் விளையாடும் இடமாகவும், சில வீடுகளில் பூஜை அறையாகவும் வைத்துக்கொள்கிறார்கள். மாடிப்படி ஏற வேண்டாம், சந்தடி இல்லை என்பதால் நம் வயதினருக்கு அது சுகமாகவே இருக்கிறது. யாம் கூறப்போகும் வாயு மிகுதியாகச் சேரும் இடமும் அந்த நிலவறையே ஆகும்.

அந்த வாயுவின் பெயர் ரேடான். பூமியிலுள்ள கல்லிலும் மண்ணிலும் யுரேனியம் என்னும் உலோகம் சிறிதளவு எங்கும் கலந்திருக்கிறது. அது மிக மெதுவாகத் தானே சிதைந்து, பல பொருள்களாக மாறி, ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. இதற்கு முன்னுள்ளவை யாவும் திடப்பொருள்கள். மண்ணோடு மண்ணாய்க் கிடப்பவை. ரேடான் ஒன்றே வாயு. ஆதலின் அது மண்ணின் துளைகள் வழியே மேலெழுந்து வருகிறது. அதன் அளவு பாதியாகக் குறைய 3.8 நாள் ஆகும். அதற்குள் அது ஒரு வீட்டினுள் புகுந்துவிட்டால் அங்கேயே சிதைந்து, பொலோனியம் முதலிய நுண்ணிய திடப்பொருள்களாகிறது. அவை காற்றிலுள்ள தூசியில் ஒட்டி, மூச்சுடன் நுரையீரலுட் சென்று படிந்து, ஆல்பா கதிர்களை வீசுகின்றன. அக்கதிர் ஒரு காகிதத்தையும் ஊடுருவ இயலாத எளிய கதிர்தான். ஆயினும் நுரையீரலின் உள்ளே காகிதம் ஏது? மெல்லிய உயிரணுக்களின் மேலேயே அது நேராகத் தாக்குகிறது. நாட்பட அவற்றுட் சில கெட்டுப் புற்றுநோயாக மாறுதல் கூடும்.

இது நேற்றுப் புறப்பட்ட வதந்தியன்று. ஜெர்மனி தேசத்துச் ஷ்னீபெர்க் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் மார்பு நோயால் அகாலத்தில் மாள்வதை அந்நாட்டார் பல தலைமுறைகளாகக் கண்டுவந்தனர். 1879-ம் வருஷத்தில் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு வைத்தியர்கள் அந்நோய் நுரையீரற் புற்று என்று எடுத்துக்காட்டினர். அப்பொழுது ரேடான் என்ற பெயரே இல்லை. 1900-ம் வருஷத்தில் டோர்ன் என்னும் ஜெர்மானிய சாஸ்திரி ரேடியத்திலிருந்து ஒரு வாயு வெளிப்படுவதைக் கண்டார். பின்னர்ப் பல தேசத்துச் சுரங்கத் தொழிலாளரையும் ஆராய்ந்த பிறகு, 1988-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்னும் முதல் வகுப்பில் ரேடானைச் சேர்த்தது.

சுரங்கத்தில் இருப்பது வீட்டிலும் இருக்குமென்று ஜனங்கள் உணர்ந்ததற்குக் காரணமான ஒரு சம்பவம் உண்டு. 1984-ம் வருஷம் டிசம்பர் மாதம், பென்சில்வேனியா மாகாணத்தில் லிமரிக் என்னும் அணுமின் நிலையம் கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. அங்கே வேலை செய்த ஸ்டான்லி வாட்ரஸ் என்னும் எஞ்சினியர், கதிர்வீச்சைக் கண்டறியும் வாயிற்படியைக் கடக்குந்தோறும் அபாய மணி அடித்தது. நிலையத்தில் உள்ள பொருளால் அவருக்கு இத்தீங்கு நேர்ந்ததோ என்று தேடினர். உண்மையோ தலைகீழாக இருந்தது. அவர் தம் வீட்டிலிருந்தே அதனைச் சுமந்து வந்தார். அவ்வீட்டுக் காற்றைச் சோதித்தபோது லிட்டருக்கு ஏறக்குறைய 2,700 பிகோகியூரி இருக்கக் கண்டனர். அவர் குடும்பத்தாருடன் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. வீடு செப்பனிடப்பட்ட பின்னரே திரும்பினார். இதன் பின்னர், 1988-ல் அந்நாட்டுச் சட்டசபை வீட்டு ரேடானைக் குறைப்பதற்கென ஒரு சட்டமும் செய்தது.

பிகோகியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் ஒரு சிற்றளவு. லிட்டருக்கு 4 பிகோகியூரி என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் ஒவ்வொரு வினாடியும் 148 அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். இந்த 4 என்ற எண்ணை மனத்தில் நிறுத்துக. அமெரிக்கச் சுற்றுச்சூழற் பாதுகாப்பு இலாகா, 4-ம் அதற்கு மேலும் இருந்தால் வீட்டைச் செப்பனிடுக என்கிறது. 2-க்கும் 4-க்கும் இடையில் இருந்தால் செப்பனிடுவதைப் பற்றி ஆலோசிக்க என்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ல் வெளியிட்ட நூலில் கன மீட்டருக்கு 100 பெக்கரல், அதாவது சுமார் 2.7 பிகோகியூரி, என்னும் அளவைச் சிபார்சு செய்தது. வெளிக் காற்றில் சுமார் 0.4-ம், அமெரிக்க வீடுகளில் சராசரியாக 1.3-ம் உண்டு. ஏறக்குறைய 15 வீட்டில் ஒரு வீடு 4-ஐத் தொடுகிறது அல்லது மிஞ்சுகிறது என்பது அவர்கள் மதிப்பு. அயோவா மாகாணத்தில் 99 ஜில்லாக்களும் மிகுந்த அளவு எதிர்பார்க்கப்படும் முதல் மண்டலத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் மண்டலத்தைக் கொண்டு ஒரு வீட்டை நிர்ணயிக்க முடியாது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் 1-ம் அடுத்த வீட்டில் 15-ம் இருக்கக் கூடும்.

அந்த இலாகா 2003-ல் செய்த கணக்கின்படி, அந்நாட்டில் வருஷந்தோறும் சுமார் 21,000 பேர் ரேடானால் நேரும் நுரையீரற் புற்றால் இறக்கின்றனர். அவர்களுள் சுமார் 2,900 பேர் ஒருபோதும் புகைபிடித்தறியாதவர்கள். புகையிலைக்கு அடுத்தபடி அந்நோய்க்குக் காரணமாவது இதுவே. ஆயுள் முழுவதும் 4 பிகோகியூரி உள்ள வீட்டில் வசிக்கும் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், புகைபிடியாதாரில் சுமார் 7 பேரும் புகைபிடிப்பாரில் சுமார் 62 பேரும் இந்நோய்க்கு ஆளாகலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. சுருட்டும் ரேடானும் ஒன்று சேர்ந்தால் எவ்வளவு தீமை என்பதை இவ்வெண்களே காட்டும்.

நம் ஊரில் இப்பேச்சு அதிகம் இல்லாததற்குக் காரணம் யாது? முற்றமும் திண்ணையும் திறந்த சன்னலும் உள்ள வீட்டில் காற்று தடையின்றி உலவுகிறது. வாயு தங்க இடம் குறைவு. நிலத்தைத் தோண்டி அதனுள் வசிக்கும் வழக்கமும் நமக்கு இல்லை. குளிர் தேசத்திலோ வருஷத்தில் பல மாதம் கதவும் சன்னலும் இறுகச் சாத்தியே கிடக்கும். உள்ளே மூட்டிய வெப்பத்தால் காற்று மேலெழுந்து கூரை வழியே கசிகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து மண்ணின் காற்று இழுக்கப்படுகிறது. தளத்தின் வெடிப்பு, சுவரும் தளமும் கூடும் இடுக்கு, குழாய் நுழையும் துளை, தண்ணீர் வடியும் குழி ஆகிய யாவும் அதற்கு வாயில்கள். வீடே ஒரு புகைபோக்கிபோல் நின்று பூமியின் மூச்சை உறிஞ்சுகிறது என்னலாம்.

இனி, எமது பிழையைக் கூறுகிறோம்.

2021-ம் வருஷத்தில் எமது நண்பர் ஒருவரின் குமாரர் அந்நாட்டில் வீடு தேடினார். அவ்வருஷம் அங்கே வீட்டுக்கு இருந்த போட்டி அசாதாரணமானது. ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் விலை கூறுவர். பரிசோதனை ஒன்றும் வேண்டேன் என்று எழுதிக் கொடுப்பவருக்கே வீடு கிடைக்கும் என்ற நிலை. அப்பொழுது நம் சங்கத்தைச் சேர்ந்த மற்றொரு குடும்பத்தார் வேறு மாகாணத்துக்கு மாறிச் செல்வதால் தம் வீட்டை விற்கப்போவதாக எமக்குத் தெரியவந்தது. இரு சாராரையும் தொலைபேசியில் அறிமுகப்படுத்தி வைத்தோம். வாங்குபவர், "மாமா, ரேடான் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளட்டுமா?" என்று எம்மைக் கேட்டார். "நம்மவர் வீடுதானே, தம்பி! பரிசோதனை கேட்டால் அவர்கள் மனம் நோகாதா?" என்று விடை கூறியது யாமே. அவரும் எமது சொல்லைத் தட்டவில்லை.

இரண்டு குளிர்காலம் எமது நண்பரும் அவர் மனைவியாரும் அந்த நிலவறையில் தங்கினர். நண்பர் இளமை முதற்கொண்டு சுருட்டுப் பழக்கம் உடையவர். அறுபதாம் வயதில்தான் விட்டார். 2023-ம் வருஷம் பக்கத்து வீட்டார் தம் சுவரோரம் ஒரு வெள்ளைக் குழாயும் விசிறியும் பொருத்துவதைக் கண்டு, இஃது எதற்கு என்று குமாரர் விசாரித்தார். விஷயம் அறிந்து தம் வீட்டிலும் சோதித்தார். 14 பிகோகியூரி என்று விடை வந்தது. விற்றவருக்குத் தொலைபேசி செய்தபோது அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்து, "2016-ல் யாங்களும் பார்த்தோம். 13 என்று வந்தது. அப்படியே விட்டுவிட்டோம். ஒன்பது வருஷம் இருந்தோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்றாராம். அன்று முதல் இரு குடும்பத்தாருக்கும் பேச்சு வார்த்தை நின்றது. இருவரும் எம்மிடம் முறையிட்டனர். எமக்கு இருவர் முகத்தையும் பார்க்கத் துணிவில்லை.

இதன் முடிவைப் பின்னர்க் கூறுவோம். இப்பிழை மற்றொருவருக்கு நேராதபடி, வாங்குவோர் செய்ய வேண்டுவனவற்றை முதலிற் கூறுகிறோம்.

விலை பேசும்போதே, பழைய ரேடான் பரிசோதனை உண்டா, எந்த வருஷம், எந்தத் தளத்தில், யார் செய்தது, அதன் பின் வீட்டின் அமைப்பு மாறியதா என்று கேட்டறிதல் வேண்டும். பரிசோதனை செய்வதையும், அளவு மிகுந்தால் யார் செப்பனிடுவது என்பதையும் ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இல்லினாய் மாகாணத்தில் 2008 முதலும் மினசோட்டாவில் 2014 முதலும், விற்பவர் தாம் அறிந்த ரேடான் விவரத்தை வாங்குபவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுமென்று சட்டம் உண்டு. மற்ற மாகாணங்களில் வழக்கம் பலவாறாக இருப்பதால், அந்தந்த மாகாணத்துச் சட்டத்தை விசாரித்துக்கொள்க.

பரிசோதனை கடினமன்று. கிரயத்துக்கெனில், தானே மணிக்கு மணி அளவைக் குறிக்கும் கருவியை 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கலாம். அல்லது கரித்தூள் அடைத்த சிறு டப்பிகள் இரண்டை அருகருகே ஒரே காலத்தில் வைத்து, ஆய்வுச்சாலைக்கு உடனே அனுப்பி, இரண்டின் சராசரியைக் கொள்ளலாம். வசிக்கத் தகுந்த தளங்களுள் எல்லாவற்றுக்கும் கீழானதில் வைக்க வேண்டும். சமையலறையும் குளியலறையும் ஆகா. தரையிலிருந்து 20 அங்குலமாவது உயரம் இருத்தல் வேண்டும். தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பிருந்து, முடியும் வரையில், சன்னல்களையும் வெளிக் கதவுகளையும் சாத்தியே வைக்க வேண்டும். போக வர மட்டும் திறக்கலாம். இதனைச் சொந்தமாகச் செய்வதினும், அவ்வேலைக்கு அத்தாட்சி பெற்றவரைக் கொண்டு செய்வித்தல் கிரய காலத்தில் நலம். விற்பவர் வீட்டில் இருக்கையில் சன்னலைத் திறந்துவிட்டோ, கருவியை நகர்த்தியோ அளவைக் குறைத்துக் காட்டுதல் கூடும். அதனைக் காட்டிக்கொடுக்கும் கருவிகளும் இக்காலத்தில் உண்டு. ஆயினும் நம்மவர் ஒருவரும் அந்த இழிசெயலுக்கு இறங்கலாகாது.

விற்போருக்குக் கூறுவது இது. விற்கும் எண்ணம் தோன்றியவுடனே பரிசோதனை செய்துவிடுக. கிரயத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் அவசரப்பட்டுச் செய்வதினும், முன்பே செய்து, வேண்டுமாயின் செப்பனிட்டு, பழைய அளவையும் புதிய அளவையும் ஒரே உறையில் இட்டு வாங்குபவர் கையில் கொடுப்பது மேல். ரேடான் இருந்தது என்பதால் வீட்டுக்கு மானக்குறைவு இல்லை. அது மண்ணின் இயல்பு. தெரிந்தும் மறைத்ததே மானக்குறைவு.

செப்பனிடும் முறையும் எளிதே. தளத்தின் வெடிப்புகளை அடைத்தால் போதும் என்று சிலர் எண்ணுவர். அடைப்பது துணையாகுமேயன்றி அது மட்டும் போதாது. நிலவறைத் தளத்தில் ஒரு துளையிட்டு, அதன் கீழுள்ள மண் வரை ஒரு குழாயை இறக்குவர். அக்குழாயை வீட்டின் மேற்கூரைக்கு மேல் கொண்டுபோய் விடுவர். வசிக்கும் அறைகளில் அன்றிப் பரணிலோ வெளிப்புறத்திலோ ஒரு விசிறியை அதில் பொருத்துவர். விசிறி இரவும் பகலும் ஓடி, தளத்தின் கீழுள்ள காற்றை உறிஞ்சி வானில் விட்டுவிடும். வீடு மண்ணை உறிஞ்சுவதற்கு முன்பே குழாய் உறிஞ்சிக்கொள்கிறது என்பதே இதன் தத்துவம். தளம் இன்றி வெறும் மண்ணாக இருக்குமிடத்தில், கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பால் மண்ணை மூடி, அதன் கீழிருந்து உறிஞ்சுவர். குழாயில் பொருத்திய சிறு கண்ணாடிக் குழலில் வர்ண நீர் இரு பக்கமும் ஏற்றத்தாழ்வாக நின்றால் விசிறி உறிஞ்சுகிறது என்று அறியலாம். சமமாக நின்றால் விசிறி நின்றுவிட்டது. பொருத்தியபின் 24 மணி நேரம் கழித்து, 30 நாளுக்குள், மறுபடி சோதிக்க வேண்டும். அதன் மேலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சோதித்து வருதல் நலம். செலவு வீட்டைப் பொறுத்தது. பெரும்பாலும் ஓரிரண்டாயிரம் டாலர் அளவில் முடியும். பல லட்சம் டாலர் வீட்டில் இது சமையலறைக்கு ஒரு புது அடுப்பு வாங்கும் செலவுதான். புதிதாக வீடு கட்டுவிப்போர், அஸ்திவாரத்தின் கீழ்ச் சரளையும் விரிப்பும் குழாயும் முன்பே அமைக்கச் சொன்னால் இன்னும் மலிவு.

பணத்தை யார் கொடுப்பது என்பது இரு சாராரின் உடன்பாடு. விற்பவரே முடித்துக் கொடுக்கலாம். அல்லது விலையிற் குறைத்துக்கொள்ளலாம். அல்லது ஒரு தொகையை நடுவரிடம் ஒப்படைத்து, கிரயத்துக்குப் பின் வாங்குபவர் தம் விருப்பப்படி செய்வித்துக்கொள்ளலாம். வாங்குபவரே பொறுப்பேற்பது நல்லதென்று யாம் எண்ணுகிறோம். விற்றுவிட்டுப் போகிறவர் மலிவான வேலைக்கே இணங்குவார். வசிக்கப் போகிறவரே நல்ல வேலையை நாடுவார்.

மேற்சொன்ன வழக்கின் முடிவு யாதாயிற்று? குமாரர் குழாயும் விசிறியும் பொருத்தினார், அளவு 1.1-க்கு இறங்கிற்று. எமது நண்பர் வைத்தியரிடம் காட்டினார். இதுவரை நோய்க்குறி ஒன்றும் இல்லை. இரண்டு குளிர்காலம் என்பது ஆயுட் கணக்கில் சிறிது என்று வைத்தியர் தேறுதல் கூறினார். இத்தீமை வருஷக்கணக்கில் சேர்வது. ஆகையால் பயந்து நடுங்குவதினும் காலத்தில் நிறுத்துவதே அறிவு. ஆனால் எமது நெஞ்சில் தைத்தது வேறொன்று. விற்ற அக்குடும்பத்தார் அந்த வீட்டில் ஒன்பது வருஷம் வசித்தவர்கள். அளவு தெரிந்த பின்னும் ஐந்து வருஷம். அவர்களுடைய குழந்தைகள் அந்த நிலவறையில்தான் விளையாடி வளர்ந்தனர். பிறரிடம் மறைப்பதற்கு முன்னரே அவர் தம்மிடம் மறைத்துக்கொண்டார். இதனை யாம் எடுத்துக்கூறியபோது அம்மனிதர் தொலைபேசியில் அழுதார். பின்னர்ச் செப்பனிட்ட செலவு முழுவதையும் அனுப்பிவைத்தார். எமது நண்பரின் குமாரர் பாதியைத் திருப்பி அனுப்பி, "மறுபாதி எம் பங்கு, கேட்க வேண்டியதைக் கேளாத குற்றத்துக்கு" என்று எழுதினார். சென்ற தீபாவளியன்று இரு வீட்டாரும் மறுபடி பேசிக்கொண்டனர் என்று கேள்வி. அந்தக் கணக்கில் எமது பங்கு இன்னும் செலுத்தப்படாமலே இருந்தது. இப்பிரசங்கமே அது.

சகோதரர்களே! நம்மவர் என்ற பற்று நல்லது. கஷ்டத்தில் கைகொடுக்க அது உதவும். ஆனால் காற்றைச் சோதிக்க வேண்டிய இடத்தில் பற்றைக் காட்டிச் சோதனையைத் தடுப்பது பற்று ஆகாது. உறவினரிடம் கணக்குக் கேட்பது அவமதிப்பு என்று எண்ணும் நம் பழக்கம் எத்தனையோ குடும்பங்களைப் பிரித்திருக்கிறது. முதலிலேயே கேட்டிருந்தால் இங்கும் மனம் நொந்திருக்காது. வாங்குகிறவர் கூசாமல் கேட்கட்டும். விற்கிறவர் கேட்குமுன் சொல்லட்டும். நடுவில் நிற்கும் எம் போன்றோர் வாயடைக்காமல் இருக்கட்டும்.

இன்று வீடு திரும்பியதும், கடல் கடந்த பிள்ளைக்கோ பெண்ணுக்கோ தொலைபேசி செய்யும்போது, சாப்பாடாயிற்றா, குழந்தை நலமா என்று கேட்பதோடு, "வீட்டில் ரேடான் பார்த்தாயா? எத்தனை வந்தது?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிய வீட்டிலும் பார்க்கலாம்; காலம் கடந்துவிடவில்லை. அவர்கள் கூறும் எண் 4-க்குக் கீழே இருந்தால் மகிழ்ச்சி. மேலே இருந்தால், அடுத்த குளிர்காலத்துக்கு முன் குழாய் பொருத்தச் சொல்லுங்கள். அது வரையில் நிலவறையில் படுக்க வேண்டாம் என்று நாமே சொல்லிவிடலாம்.